கரை சேர்த்த பின்

நீரில் மூழ்குகிறவன் கூக்குரலிடுவான், கைகளை உயர்த்தி அசைப்பான், அவன் எழுப்பும் ஆரவாரம் கேட்டுக் கரையிலுள்ளோர் ஓடிவருவர் என்ற எண்ணம் கதைகளாலும் திரைப்படங்களாலும் நம் மனத்தில் நெடுங்காலமாக ஊன்றிப்போயிருக்கிறது. பிரத்தியட்சத்தில் நிகழ்வதோ பெரும்பாலும் மௌனமான காரியம். நியூயோர்க் நகரத்து ஓர்ச்சட் கடற்கரையில் உயிர்காப்பாளராய்ப் பணியாற்றிய பிராங்க் பியா என்பவர், மூழ்குவோரின் அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்து, 1970களில் எழுதி வைத்தவற்றைப் படிக்கும் எந்தத் தாய்க்கும் நெஞ்சு நடுங்கும். வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருகிற அற்பக் கணத்தில் சுவாசத்தை இழுப்பதற்கே தேகம் முழுவதும் முனைந்து நிற்பதால், குரலெழுப்ப அவகாசமே கிடைப்பதில்லை; கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழே அழுத்துகின்றனவேயன்றி, உதவி கேட்டு உயர்வதில்லை; உடல் நிமிர்ந்தே நிற்பதால், பார்ப்பவர்க்குப் பிள்ளை விளையாடுவது போலவே தோன்றும். இந்நிலை நீடிப்பது 20 முதல் 60 வினாடிகள் வரையில்தான். பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேசித் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடக்கூடும்.

கொழும்பில், தெமட்டகொடையில் குடியிருக்கும் எங்களுக்கு நீர் அந்நியமான பொருளன்று. மழை வலுத்தால் கால்வாய் கரைமீறிக் குடியிருப்புகளுக்குள் வருவதைக் கண்டவர்கள் நாங்கள். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் சுகததாச விளையாட்டரங்கை ஒட்டிய பெரிய தடாகம் இருக்கிறது; வெள்ளவத்தைக் கடற்கரையில் 1941ஆம் ஆண்டு முதற்கொண்டு கின்றோஸ் என்ற நீச்சல், உயிர்காப்புச் சங்கம் இயங்கி வருகிறது. 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமியும், 1971இல் வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தனும் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்லிக்கொடுக்கிறோம். ஆயினும், அப்பிள்ளைகளைத் தடாகக் கரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாரில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும், மூச்சற்ற பிள்ளையை மடியில் ஏந்தினால் முதலில் செய்யவேண்டியது யாதென்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், விடை திருப்தியளிப்பதாயில்லை. பாடசாலைகளிலும் விடுதிகளிலும், திருமண மண்டபங்களோடு ஒட்டிய தங்குமிடங்களிலும் தடாகங்கள் பெருகிவிட்டன. விடுமுறை தோறும் பிள்ளைகளை அங்கே கூட்டிச்செல்வது நடுத்தரக் குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. அந்த வேகத்தில் அறிவு பெருகவில்லை.

இலங்கையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 855 பேர் நீரில் மூழ்கி மாண்டுபோகின்றனர் என்று 2014இல் வெளியான தேசிய அறிக்கை கூறிற்று. உலகளவில் 2021ஆம் ஆண்டில் இவ்விதம் இறந்தோர் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் என்பதும், அவர்களுள் ஏறத்தாழ நாலிலொரு பங்கினர் ஐந்து வயது நிறையாத குழந்தைகள் என்பதும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. ஆறும் குளமும் கிணறும் கடலும் கொள்ளும் உயிர்களோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் நீச்சல் தடாகம் கொள்ளும் உயிர்கள் சொற்பமே. ஆனால் ஆற்றுக்கும் கடலுக்கும் சொந்தக்காரர் இல்லை; தடாகத்துக்கு இருக்கிறார். அதன் ஆழம் அளக்கப்பட்டது, அதன் வாசலுக்குப் பூட்டுண்டு, அதற்குள் இறங்கக் கட்டணமும் வாங்கப்படுகிறது. அங்கே நேரும் அனர்த்தத்துக்கு விதியின்மேல் பழிபோட நமக்கு நியாயம் கிடையாது.

அபாயம் நேர்ந்துவிட்ட வேளையில் என்ன செய்வது? நீந்தத் தெரியாதவர் உணர்ச்சிவசப்பட்டு நீரில் குதித்து, ஒரு பிரேதத்துக்குப் பதில் இரண்டு பிரேதங்களைக் கரையேற்ற வைத்த துக்கங்கள் நம் ஊர்களில் அநேகம். கைக்கெட்டும் தூரமாயின் கரையில் படுத்துக்கொண்டு ஒரு கழியையோ, முறுக்கிய சாரத்தையோ, சேலைத் தலைப்பையோ நீட்டலாம். எட்டாத தூரமாயின் மிதக்கும் பொருள் எதையாவது, மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கலனையாவது, எறியலாம். பிள்ளையைக் கரையேற்றியதும் நம்மவர் செய்வது என்ன? காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவார்கள். தோளில் போட்டுச் சுற்றுவார்கள். வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முனைவார்கள். கதாநாயகியின் வயிற்றை அமுக்கியதும் வாயிலிருந்து நீர் பீறிட, அவள் கண் விழிக்கும் காட்சியைத் தமிழ்ச் சினிமா நமக்கு எத்தனையோ தடவை காட்டிவிட்டது. அந்தக் காட்சி பொய். மூழ்கியவரைக் கொல்வது வயிற்றில் உள்ள நீரன்று, நெஞ்சுக்குள் பிராணவாயு செல்லாமையே. வயிற்றை அமுக்கினால் உள்ளேயிருக்கும் உணவும் நீரும் மேலெழுந்து சுவாசப் பைகளுக்குள் இறங்கும். அதற்குச் செலவாகும் ஒவ்வொரு கணமும் மூளையிலிருந்து பறிக்கப்படுகிறது.

இந்த அறியாமை நமக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லவேண்டும். நீரில் மூழ்கியோரைக் காப்பதற்கென்றே 1767இல் அம்ஸ்டர்டாம் நகரிலும், 1774இல் இலண்டனிலும் சங்கங்கள் தோன்றின. அக்காலத்தில் பீப்பாயின் மேல் உடலை உருட்டுவதும், புகையிலைப் புகையைக் குடலுக்குள் ஊதுவதும் கற்றறிந்த வைத்தியர்களாலேயே சிபாரிசு செய்யப்பட்டன. வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை 1950களின் இறுதியில் பீட்டர் சஃபார் முதலிய வைத்தியர்கள் பரிசோதனையால் நிலைநாட்டினர். நெஞ்சை அழுத்தி இருதயத்தை இயக்கும் முறை 1960இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து உலகுக்கு வந்தது. ஐரோப்பாவின் வழக்கமும் ஒருகாலத்தில் தவறாயிருந்து பின்னர் திருந்திற்று. நம் வழக்கமும் திருந்தத் தடையொன்றும் இல்லை.

இன்று வகுக்கப்பட்டுள்ள முறை யாரும் கற்கக்கூடிய அளவு எளிது. பிள்ளையைச் சமதரையில் மல்லாக்கக் கிடத்தி, மூச்சு இல்லை என்று கண்டால், தலையை மெல்லப் பின்சாய்த்து, மோவாயை உயர்த்தி, முதலில் மூச்சூட்டவேண்டும். அதன்பின் நெஞ்சின் நடுவே, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை என்ற வேகத்தில், 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்ற கணக்கில் இடைவிடாது தொடரவேண்டும். மாரடைப்பால் விழுந்தவருக்கு நெஞ்சை அழுத்துவது மட்டும் போதுமென்று கேள்விப்பட்டவர்கள், நீரிலிருந்து எடுத்தவருக்கு அது போதாது என்பதை நினைவிற்கொள்ளவேண்டும். இங்கே முதலில் தடைப்படுவது சுவாசம். இன்னொருவர் அதே வேளையில் 1990 என்ற இலக்கத்தை அழைக்கவேண்டும். இந்திய அரசின் நன்கொடையோடு 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் விரிந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை கட்டணமின்றி வருகிறது. அது வரும்வரை முச்சக்கரவண்டி தேடி ஓடுவதைக் காட்டிலும், நின்ற இடத்திலேயே மூச்சூட்டிக்கொண்டிருப்பது மேல். பேஸ்லைன் வீதியில் மாலை நேரத்து நெரிசலை அறிந்தவர்களுக்கு, பொரளையிலுள்ள சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலை வரைபடத்தில் எவ்வளவு அண்மையில் தெரிந்தாலும், வண்டிக்குள் மூச்சின்றிக் கிடக்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு தூரம் என்பது விளங்கும். இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிட்ட பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாகாது. சுவாசக் கோளாறு சில மணித்தியாலங்கள் கழித்துத் தலைகாட்டக்கூடுமாகையால், வைத்தியர் பார்த்து அனுப்பும்வரை அங்கேயே இருத்தவேண்டும்.

இதுவரை கூறியவற்றை, பயன்படுத்துவோர் குறைவாயினும், புத்தகங்களிலும் வகுப்புகளிலும் கற்கலாம். இதற்குப் பிறகு வருவதைப் பற்றித்தான் நம் சமூகம் அறவே பேசுவதில்லை.

எங்கள் தொடர்மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது. உறவினர் வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருந்தபோது, தங்கியிருந்த இடத்துத் தடாகத்தில் அவர்களுடைய ஆறு வயது மகன் மூழ்கிப்போனான். சமையற்கட்டில் வேலைசெய்த ஒரு சிங்களப் பையன் உடுத்தியிருந்த உடுப்போடு குதித்துத் தூக்கினான். விருந்தினருள் ஒரு தாதி இருந்தமை தெய்வச் செயல். பிள்ளை பிழைத்தான். வைத்தியசாலையில் ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். சுற்றத்தார் வந்து பார்த்தனர், கொச்சிக்கடைச் சிவன் கோயிலில் அர்ச்சனை செய்தனர், கேசரி கிண்டிப் பங்கிட்டனர். அத்தோடு அந்தச் சம்பவம் எல்லாருக்கும் முடிந்துபோயிற்று, அந்தத் தாய் ஒருத்தியைத் தவிர. இரவில் பலமுறை எழுந்து, உறங்கும் பிள்ளையின் மூக்கருகே புறங்கையை வைத்து, மூச்சுப் படும்வரை அசையாமல் நிற்கிறாள். குழாயிலிருந்து வாளிக்குள் நீர் விழும் ஓசை கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். பையனோ, குளிக்கும் பேசினில் நீர் நிரப்பித் தன் பிளாஸ்டிக் பொம்மையை அமிழ்த்துவதும் எடுப்பதுமாக ஒரு விளையாட்டை ஓயாமல் விளையாடுகிறான், அதைக் கண்டதும் தாய் அடிக்கிறாள், அடித்துவிட்டு அழுகிறாள். என் மனைவி அவளிடம் ஒருநாள், "தங்கச்சி, நீங்க ஒருக்கா டொக்டரிட்டக் கதைச்சுப் பாருங்கோ" என்றபோது வந்த மறுமொழி இது: "பிள்ளைதான் தப்பிட்டானே அக்கா, நான் என்னத்துக்கு டொக்டரிட்டப் போறது?"

அவளாக யோசித்துச் சொன்ன மறுமொழியன்று அது. வந்தவர் போனவர் எல்லாரும் அன்போடு அவள் வாயில் வைத்துவிட்டுப் போன வாக்கியம். துக்கப்படுவதற்கான உரிமையை, பிள்ளை பிழைத்த அதிர்ஷ்டமே அவளிடமிருந்து பறித்துவிட்டது.

பிள்ளை பிழைக்காத வீட்டுக்கு வேறொரு வாக்கியம் வைத்திருக்கிறோம்: "தாய் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்?" சாவீட்டு வாசலிலேயே, பிரேதம் வீட்டுக்கு வருமுன்னரே, அது கேட்கப்படுகிறது. கேட்போர் கொடியவர்கள் அல்லர். தங்கள் பிள்ளைக்கு இது நேராது என்று தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் பொருட்டு, இது இன்னாரின் கவனக்குறைவால் வந்தது என்று நிச்சயப்படுத்திக்கொள்ள அவர்கள் மனம் தவிக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த ஆறுதலுக்கு விலை கொடுப்பவள், மடியில் ஏந்திய பிள்ளையைப் பறிகொடுத்தவள். 20 வினாடி ஓசையற்று நிகழும் ஒன்றை, நூறு பேர் நடமாடும் தடாகக் கரையில், ஒரு பெண் இமைகொட்டாமல் காத்திருந்து தடுத்திருக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

பொறுப்பை யாரும் விசாரிக்கலாகாது என்று நான் சொல்லவில்லை. 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், சென்னை கே.கே. நகரிலுள்ள புகழ்பெற்ற பாடசாலையொன்றின் தடாகத்தில், நீச்சல் வகுப்பு நடந்துகொண்டிருக்கையிலேயே நாலாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூழ்கி இறந்தான். பயிற்றுநர் உள்ளிட்டோர் கைதாயினர். பாடசாலைத் தடாகங்களின் பாதுகாப்பைப் பற்றித் தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. அங்கே கேள்வி சரியான திசையில் சென்றது. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை காவலர், கரையில் நின்றவருக்கு நீரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்கப்பட்டிருந்ததா, வகுப்பு முடிந்து தலைகளை எண்ணினார்களா என்பனவெல்லாம் ஏற்பாட்டைப் பற்றிய கேள்விகள்; அவற்றுக்கு விடை கிடைத்தால் அடுத்த பிள்ளை பிழைக்கும். தாயைக் கேட்கும் கேள்வியால் எந்தப் பிள்ளையும் பிழைப்பதில்லை.

அந்தச் சமையற்கட்டுப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளையை வண்டியில் ஏற்றி அனுப்பியதும், அவனை ஈர உடுப்பை மாற்றிக்கொண்டு விருந்துக்குத் தட்டு எடுக்கச் சொன்னார்களாம். பிள்ளையின் தகப்பன் பிறகு தொலைபேசியில் நன்றி சொன்னபோது, அவன் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், இப்போது தடாகத்துப் பக்கம் போகிற வழியால் தான் போவதில்லை, சுற்றித்தான் போகிறேன் என்று சொன்னானாம். காப்பாற்றியவனுக்கே இந்த நிலையானால், தூக்கியும் காப்பாற்ற முடியாமற் போன உயிர்காப்பாளரின், பயிற்றுநரின், இரவு வெகுநேரம் வரை பொலிஸ் நிலைய வாங்கில் வாக்குமூலம் கொடுக்கக் காத்திருப்பவரின் உள்ளம் என்ன பாடுபடும்! மூச்சூட்டியும் மீளாதவர்கள் மிகப் பலர். அது செய்தவர் கைப்பிழையன்று, நீருக்கடியில் கழிந்த நிமிடங்களின் விளைவு என்பதை அதிகாரமுள்ள ஒருவர், ஒரு வைத்தியராவது, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். பெரும்பாலும் எவரும் சொல்வதில்லை.

இவ்விஷயத்தில் நாம் அனுபவமற்ற தேசத்தார் அல்லர். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் எஞ்சியோரின் மனத்தைத் தாங்கும் பணியைத் தேசம் முழுவதும் கற்றுக்கொள்ளவேண்டி வந்தது. அதற்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் மனநோய் வைத்தியர் தயா சோமசுந்தரம் போன்றோர், போரால் நொந்த மனங்களோடு நெடுங்காலம் பழகி, ஆசிரியர்களையும் கிராமத்துத் தொண்டர்களையும் அப்பணிக்குப் பழக்கியிருந்தனர். அவ்வனுபவங்களும் உலகில் வேறிடங்களிற் பெற்ற அனுபவங்களும் சேர்ந்து தெரிவித்தவை சில. அனர்த்தத்தின் பின் முதற் சில வாரங்களில் உறக்கமின்மை, கண்முன் அதே காட்சி வருதல், திடுக்கிடல் ஆகியவை நோயல்ல, மனத்தின் இயல்பான வலி. பெரும்பாலோர்க்கு அது தானே ஆறும். ஒரு மாதம் கடந்தும் தணியாவிட்டால் வைத்தியரை நாடவேண்டும். பிள்ளைகள் அதே சம்பவத்தை விளையாட்டாகத் திரும்பத் திரும்ப நடிப்பது வாயாற் சொல்ல இயலாததைச் சொல்லும் அவர்கள் பாஷை. அதற்கு அடிப்பது கூடாது. பாதிக்கப்பட்டவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததை நுணுக்கமாக ஒப்புவிக்கச் செய்தால் மனப்பாரம் இறங்கிவிடும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். அவ்வித ஒருநாள் விசாரிப்பால் பலனில்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று பிந்திய ஆராய்ச்சிகள் காட்டின. உலக சுகாதார ஸ்தாபனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைந்நூல் கேட்பதெல்லாம் எளிய மனிதப் பண்பே: அருகில் இரு, தேவையைக் கவனி, பேசினால் கேள், பேசாவிட்டால் வற்புறுத்தாதே, உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடு.

அந்த இடத்தோடு சேர்ப்பதில்தான் கொழும்பில் பெருந்தடை. தேசிய மனநல நிறுவகம் நம் தெமட்டகொடைக்கு அண்மையில், கொலன்னாவை தாண்டிப் போனால் அங்கொடையில் இருக்கிறது. ஆனால் அந்த ஊரின் பேரையே வசைச் சொல்லாக்கித் தலைமுறை தலைமுறையாகப் பேசி வந்திருக்கிறோம். ஒரு தாய் தன் உறக்கமின்மைக்கு அங்கே ஆலோசனை கேட்கப் போனாள் என்று மாடிப்படியில் வதந்தி பிறந்தால், மகளின் கலியாணம் வரை அது தொடரும் என்ற பயம் கற்பனையன்று. ஆதலால் வீட்டிலிருந்தே அந்நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்துப் பேசலாம் என்பதும், 1974 முதல் கொழும்பில் இயங்கும் சுமித்ரயோ தொண்டர்கள் பெயர் கேளாமலே செவிகொடுப்பர் என்பதும் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்கவேண்டும். சிறுவர் வைத்தியசாலையிலிருந்து பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகையில் கொடுக்கும் மருந்துத் துண்டிலேயே அந்த இலக்கத்தை எழுதிக்கொடுத்து, "உங்களுக்கு உறக்கம் வராவிட்டால் இதை அழையுங்கள்" என்று தாதியொருவர் தாய்க்குச் சொன்னால், அது வைத்தியத்தின் ஒரு பகுதி என்று அவள் ஏற்றுக்கொள்வாள். அயலார் சொன்னால் அவமதிப்பாகத் தோன்றக்கூடியது, வைத்தியசாலை சொன்னால் சிகிச்சையாகிறது.

மாநகரசபைக்கும், தடாகம் வைத்திருப்போருக்கும், பாடசாலை அதிபர்களுக்கும் நான் விடுக்கும் வேண்டுகோள் இது. பிறர் கட்டணம் கொடுத்து இறங்கும் எந்தத் தடாகமாயினும், பிள்ளைகள் நீரில் இருக்கும் நேரம் முழுவதும் நீரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை அளிக்கப்படாத, மூச்சூட்டப் பயின்ற ஒருவர் கரையில் நிற்கவேண்டும் என்பதை அனுமதிப் பத்திரத்தின் நிபந்தனையாக்குங்கள். 1947இல் தொடங்கிய இலங்கை உயிர்காப்புச் சங்கம் அப்பயிற்சியை அளித்து வருகிறது. நீச்சல் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கும் நாளிலேயே தாய் தகப்பனையும் ஒரு மாலை இருத்தி, நெஞ்சை அழுத்தும் பொம்மையொன்றின் மேல் கைவைத்துப் பழகச் செய்யுங்கள். அவர்களுடைய பாஷையில் கற்றுக்கொடுங்கள். அனர்த்தம் ஒன்று நேர்ந்தால், பிள்ளை பிழைத்தாலும் இறந்தாலும், அந்தக் குடும்பத்தையும், நீரில் குதித்தவரையும், கண்டு நின்ற பிள்ளைகளையும், முதல் வாரத்தில் ஒரு தடவையும் ஒரு மாதம் கழித்து மறுதடவையும் சென்று பார்க்கும் பொறுப்பை மாநகரசபையின் பொதுச் சுகாதார உத்தியோகத்தர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். குதித்துத் தூக்கியவர் சமையற்காரராயிருந்தாலும், கூட்டிப் பெருக்குபவராயிருந்தாலும், அன்றே அவரை வேலையினின்று விடுவித்துச் சம்பளத்தோடு இரண்டு நாள் விடுப்புக் கொடுங்கள். அவர் செய்ததைக் கடிதத்தில் எழுதி, அவருடைய வீட்டார் வாசிக்கும் பாஷையில், கையொப்பமிட்டு அனுப்புங்கள்.